பாறைகளுக்கு அப்பால்: ஜபோரிஜியாவும் அதன் ஆறும்

ஜபோரிஜியா என்ற பெயர் 2022க்கு முன் தமிழ்ச் செய்திகளில் அதிகம் அடிபட்டதில்லை. அதற்குப் பிறகு கேள்விப்பட்டவர்களுக்கு அது ஓர் அணுமின் நிலையத்தின் பெயர். இதில் ஒரு குழப்பம் உண்டு, அதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஜபோரிஜியா என்பது தென்கிழக்கு உக்ரைனில் ஒரு மாகாணம். அதன் தலைநகருக்கும் அதே பெயர். ஆனால் அணுமின் நிலையம் அந்த நகரத்தில் இல்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே, எனெர்ஹோதார் என்ற ஆற்றங்கரை ஊரில் இருக்கிறது. நகரத்தை ரஷ்யப் படைகள் பிடித்ததே இல்லை. அணுமின் நிலையமோ 2022 மார்ச் 4 முதல் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மாகாணத்தின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர்கள் வசம் போய்விட்டது. தலைநகரைப் பிடிக்காமலேயே, 2022 செப்டம்பர் 30 அன்று முழு மாகாணமும் தன்னுடையது என்று மாஸ்கோ அறிவித்தது.

போர் வரைபடங்கள் நிலத்துக்கு இரண்டு நிறம் பூசிக் காட்டுகின்றன. யார் எவ்வளவு தூரம் முன்னேறினார்கள் என்பதற்கு அது போதும். ஆனால் இந்த மாகாணம் ஏன் இப்படி அமைந்தது, இரண்டாகப் பிளந்தபின் ஏன் எந்தப் பாதியும் சரியாக இயங்கவில்லை என்று கேட்டால், நிலத்தைவிடத் தண்ணீரைப் பார்ப்பதுதான் உதவும். நீப்பர் ஆற்றை எங்கே தடுத்தார்கள், எதற்காகத் தேக்கினார்கள், எப்போது உடைத்தார்கள் என்பதைத் தொடர்ந்து போனாலே ஜபோரிஜியாவின் வரலாறும் பொருளாதாரமும் பெரும்பாலும் வந்துவிடும்.

பெயரிலேயே ஆறு இருக்கிறது. 'ஸா' என்றால் அப்பால். 'பொரோஹி' என்றால் ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கும் பாறைப் படிகள். பாறைகளுக்கு அப்பால் இருக்கும் நாடு, அவ்வளவுதான். உக்ரைனின் நடுப்பகுதியில் பூமிக்கு அடியில் கிடக்கும் பழமையான கருங்கல் அடுக்கு இந்த இடத்தில் மேலே எழும்பி ஆற்றை வழிமறிக்கிறது. இன்றைய தினிப்ரோ நகரத்துக்கும் ஜபோரிஜியாவுக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டருக்கு ஆறு பாறைக்குப் பாறை சீறிக்கொண்டு இறங்கியது. பெரிய படிகள் ஒன்பது. அவற்றில் மிக மோசமானதன் பெயர் நெனாசிதெத்ஸ். 'எவ்வளவு விழுங்கினாலும் அடங்காதது' என்று பொருள்.

கருங்கடல் வழியாகக் கான்ஸ்டான்டினோபிள் போன வணிகப் படகுகள் இந்த இடத்தைத் தாண்டாமல் போக முடியாது. பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் பத்தாம் நூற்றாண்டின் நடுவில் தன் மகனுக்காக எழுதிவைத்த நிர்வாகக் குறிப்புகளில் இந்தப் பாறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விவரிக்கிறார். சரக்கைக் கரையில் இறக்கி, அடிமைகளைச் சங்கிலியோடு நடக்கவைத்து, படகைத் தோளில் சுமந்தோ இழுத்தோ கொண்டுபோக வேண்டும். இந்தத் தடுமாற்றத்துக்காகவே புல்வெளிக் குதிரைக் கூட்டத்தாரான பெச்செனெகுகள் காத்திருப்பார்கள். 972இல் கீவ் மன்னன் ஸ்வியாத்தோஸ்லாவ் போரிலிருந்து திரும்பும்போது இங்கேதான் மாட்டிக்கொண்டு கொல்லப்பட்டான். அவன் மண்டை ஓட்டைக் குடிக்கும் கிண்ணமாக்கினார்கள் என்று பழைய வரலாற்றுக் குறிப்பேடு ஒன்று சொல்கிறது.

ஒருவருக்குத் தடையாக இருந்த அதே பாறைகள் இன்னொருவருக்குக் கோட்டைச்சுவர் ஆயின. பதினாறாம் நூற்றாண்டில் போலந்துப் பிரபுக்களிடமிருந்து தப்பிவந்த குடியானவர்களும் சாகசக்காரர்களும் பாறைகளுக்குக் கீழே குடியேறினார்கள். வடக்கிலிருந்து அரசுப் படகுகள் சுலபமாக வர முடியாது. தெற்கே கிரிமியத் தாத்தார்களின் புல்வெளி. நடுவே யாருக்கும் சொந்தமில்லாத தீவுகளும் நாணல்காடும். இவர்கள்தான் ஜபோரிஜியக் கொசாக்குகள். இன்றைய ஜபோரிஜியா நகரத்தின் நடுவே 12 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஹோர்த்தித்சியா தீவு அவர்களின் அடையாளச் சின்னமாகிவிட்டது. 1550களில் திமித்ரோ விஷ்னெவெத்ஸ்கி என்ற பிரபு அதை ஒட்டிய சிறு தீவில் ஒரு கோட்டை கட்டினான். ஆனால் 'சிச்' எனப்படும் கொசாக்குப் பாசறைகளில் பெரும்பாலானவை இன்னும் கீழே, இன்று பக்கத்து மாகாணமாகிவிட்ட நிக்கோபோல் பகுதியில்தான் இருந்தன. தீவைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

அந்தப் பாசறைகளைச் சுற்றியிருந்த வெள்ளப்படுகைக்கு வெலிக்கி லூஹ் என்று பெயர், பெரும் படுகை. ஓக், வில்லோ மரங்கள், ஏரிகள், மீன், வேட்டை, ஒளிந்துகொள்ள ஆயிரம் ஓடைகள். "சிச் எங்கள் தாய், வெலிக்கி லூஹ் எங்கள் தந்தை" என்பது கொசாக்குச் சொலவடை. இந்தப் படுகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் அது மறுபடியும் வரும்.

துருக்கியரை வென்று முடித்ததும் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்குக் கொசாக்குகள் தேவைப்படவில்லை. 1775இல் அவர்களுடைய கடைசிப் பாசறையை இடித்தார். தலைவர் பெத்ரோ கல்னிஷெவ்ஸ்கியை வெள்ளைக் கடலில் உள்ள சொலோவெத்ஸ்கி மடத்தில் பல்லாண்டு அடைத்துவைத்தார்கள். 1770இல் கட்டிய அலெக்ஸாந்திரோவ்ஸ்க் கோட்டைதான் பிறகு நகரமானது. அதற்கு ஜபோரிஜியா என்று பெயர் மாற்றியது 1921இல்.

காலியான புல்வெளிக்கு ஆள் தேடினார்கள். வந்தவர்களின் பட்டியல் விசித்திரமானது. 1789இல் பிரஷ்யாவின் விஸ்துலா நதிப் பகுதியிலிருந்து மெனோனைட்டுகள் என்ற கிறித்தவப் பிரிவினர் ஹோர்த்தித்சியாவில் குடியேறினார்கள். ஆயுதம் தொடாதவர்கள், கொசாக்குகளின் மண்ணில் வந்து உட்கார்ந்தது இவர்கள்தான் என்பதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். 1804 முதல் தெற்கே மொலோச்னா ஆற்றங்கரையில் இன்னொரு பெரிய குடியேற்றம். அதன் பக்கத்திலேயே ரஷ்யத் திருச்சபையோடு ஒத்துப்போகாத துஹபோர் பிரிவினர் சில பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய ஊர்களில் ஒன்றின் பெயர் தெர்ப்பீன்யா, அதாவது பொறுமை. பிறகு அவர்களைக் காக்கேசியாவுக்கு விரட்டிவிட்டார்கள். நோகாய் மேய்ப்பர்கள் கிரிமியப் போருக்குப் பின் 1860 வாக்கில் ஒட்டுமொத்தமாக ஒட்டோமான் நாட்டுக்குப் போனார்கள். அந்த இடத்துக்கு பெஸ்ஸராபியாவிலிருந்து பல்கேரியர்கள் வந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்னும் அசோவ் கடலோரக் கிராமங்களில் இருக்கிறார்கள்.

மெனோனைட்டுகளை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கட்டாய ராணுவச் சேவை வந்த 1870களில் அவர்களில் ஒரு பெரும்பகுதி கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பியது. கான்சாஸ் போனவர்கள் தங்களோடு கொண்டுபோன குளிர்காலக் கோதுமை அந்த மாநிலத்தின் விவசாயத்தையே மாற்றியது. இங்கேயே தங்கியவர்கள் ஏரும் கதிரடிக்கும் இயந்திரமும் செய்யும் பட்டறைகளை வளர்த்தார்கள். ஆபிரகாம் கூப் 1863இல் தொடங்கிய பட்டறை, 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பின் 'கம்யூனார்' ஆகி அறுவடை இயந்திரம் செய்தது. 1960இல் அதே தொழிற்சாலை ஜபோரோஜெத்ஸ் என்ற குட்டிக் காரை வெளியிட்டது. ஃபியட் 600ஐப் பார்த்துச் செய்த உருவம், பின்னால் காற்றால் குளிரும் எஞ்சின். சோவியத் குடும்பங்கள் ஏராளமாக வாங்கிய கார், அதைவிட ஏராளமாகக் கேலி செய்த கார். முதுகைப் பார்த்து 'கூனன்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதிரிக்குப் பக்கவாட்டுக் காற்றுத் துளைகள் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததால் 'காதன்'.

மாகாணத்தின் கிழக்கே ஹுல்யாய்போலே என்ற ஊர். 1888இல் அங்கே பிறந்த நெஸ்தோர் மக்னோ, புரட்சியைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரின்போது, 1918 முதல் 1921 வரை, அரசே வேண்டாம் என்ற கொள்கையோடு ஒரு குடியானவர் படையை நடத்தினார். குதிரைவண்டியில் இயந்திரத் துப்பாக்கியை ஏற்றிய 'தச்சான்கா' அவர்களுடைய தனி முத்திரை. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான 'வெள்ளை'ப் படையையும் எதிர்த்தார், கடைசியில் கம்யூனிஸ்டுகளின் செம்படையையும். தப்பி ஓடிப் பாரீஸில் 1934இல் இறந்தார். இதே ஹுல்யாய்போலே சுற்றுப்புறம்தான் இப்போதும் போர்முனை.

இனி அணை. பாறைகளின் மேல் ஓர் அணை கட்டினால் படகும் போகும், மின்சாரமும் கிடைக்கும் என்பது பழைய யோசனை. 1927இல் சோவியத் அரசு வேலையைத் தொடங்கியது. வடிவமைத்தவர் இவான் அலெக்சாந்திரோவ். ஆலோசகராக அமெரிக்கப் பொறியாளர் ஹியூ கூப்பர் வந்தார். முதல் ஜெனரேட்டர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துடையவை. 60 மீட்டர் உயரம், முக்கால் கிலோமீட்டர் நீளம். 1932 அக்டோபர் 10 அன்று தினிப்ரோஹெஸ் என்ற இந்த அணை நிலையம் திறக்கப்பட்டபோது ஐரோப்பாவிலேயே அதுதான் மிகப் பெரிய நீர்மின் நிலையம். கூப்பருக்கு சோவியத் விருதும் கொடுத்தார்கள். ஒன்பது பாறைப் படிகளும் தேக்கத்துக்குள் மூழ்கின. மாகாணத்துக்குப் பெயர் கொடுத்த பாறைகள் கண்ணிலிருந்து மறைந்தன. விழாவைத் தொடர்ந்த குளிர்காலத்தில்தான் சுற்றியிருந்த கிராமங்களில் தானியத்தைப் பறிமுதல் செய்து மக்களைச் சாகவிட்ட ஹோலோதோமோர் பஞ்சம் தீவிரமானது. ஒன்று செய்திப்படமானது, மற்றதைப் பேசவே பல பத்தாண்டுகள் தடை.

மலிவான மின்சாரம் கிடைத்ததும் அதைத் தின்னும் தொழில்கள் அணையைச் சுற்றி வரிசையாக வந்தன. 1933இல் ஜபோரிஜ்ஸ்தால் உருக்காலை முதல் இரும்பை உருக்கியது. கார்களுக்கான மெல்லிய தகடு அதன் சிறப்பு. அலுமினியம், சிறப்பு எஃகு, ஃபெரோ அலாய், பின்னாளில் டைட்டானியம், மின்மாற்றி. இடமும் வாகானது. மேற்கே கிரிவி ரீயில் இரும்புத்தாது, ஆற்றின் எதிர்க்கரையில் நிக்கோபோல் மாங்கனீசு, கிழக்கே தொன்பாஸ் நிலக்கரி. இவை மூன்றும் சந்திக்கும் முனையில் மின்சாரமும் இருந்தது. 1939 ஜனவரியில் தினிப்ரோபெத்ரோவ்ஸ்க் மாகாணத்தைப் பிரித்து ஜபோரிஜியாவைத் தனி மாகாணமாக்கினார்கள். பின்னாளில் சோவியத் தலைவரான பிரெஷ்னேவ், போருக்குப் பிந்தைய மறுகட்டுமானத்தின்போது இங்கே கட்சிச் செயலாளராக இருந்தவர்.

மறுகட்டுமானம் ஏன் தேவைப்பட்டது? 1941 ஆகஸ்ட் 18 அன்று, ஜெர்மானியப் படை நெருங்கியதும், பின்வாங்கிய சோவியத் தரப்பே அணையை வெடிவைத்து உடைத்தது. கீழே இருந்த மக்களுக்கோ, ஆற்றைக் கடந்துகொண்டிருந்த சொந்தப் படைகளுக்கோகூட எச்சரிக்கை இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் வரலாற்றாளர்களிடையே இன்றும் பெரிய சண்டை. ஜெர்மானியர்கள் ஓரளவு செப்பனிட்டு, 1943இல் ஓடும்போது அவர்களும் உடைத்தார்கள். 1947இல்தான் மீண்டும் மின்சாரம் வந்தது.

முதல் அணை வடக்கே ஆலைகளைக் கொண்டுவந்தது என்றால் இரண்டாவது அணை தெற்கே வயல்களைக் கொண்டுவந்தது. மாகாணத்தின் தெற்குப் பாதி மெலிதோபோல், பெர்தியான்ஸ்க் வழியாக அசோவ் கடல் வரை சரியும் தட்டையான புல்வெளி. நல்ல மண்தான், ஆனால் ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை ஒட்டித்தான். கோடையில் 'சுகோவீய்' என்ற வறண்ட காற்று அடித்தால் நிற்கிற பயிர் கருகிவிடும். 1950களின் நடுவில் பக்கத்து ஹெர்சோன் மாகாணத்தில் காகோவ்கா அணை எழுந்தது. 2,155 சதுர கிலோமீட்டருக்கு நீர் பரவியது, கொள்ளளவு 18 கன கிலோமீட்டர். கரையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை தெரியாத இடங்கள் இருந்ததால் அதைக் 'காகோவ்கா கடல்' என்றே அழைத்தார்கள். அதன் அடியில் போனது வெலிக்கி லூஹ், கொசாக்குகளின் தந்தை. அங்கிருந்து பிரிந்த கால்வாய்கள் மெலிதோபோல் பக்கம் வரை தண்ணீர் கொண்டுபோயின. சூரியகாந்தி, கோதுமை, காய்கறி எல்லாம் பெருகின. மெலிதோபோலின் இனிப்புச் செர்ரிக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தேக்கத்தின் தென்கரையில்தான் 1970இல் எனெர்ஹோதார் ஊரை உருவாக்கினார்கள். 'ஆற்றலின் கொடை' என்பது பெயரின் பொருள். முதலில் 3,600 மெகாவாட் அனல்மின் நிலையம். அப்புறம் அணுமின் நிலையம்: 1984இல் முதல் அலகு, 1995இல் ஆறாவது. தலா 1,000 மெகாவாட் கொண்ட, சோவியத் வடிவமைப்பான விவிஇஆர்-1000 உலைகள். நம் கூடங்குளத்தில் ஓடுவதும் இதே குடும்பம்தான், பிந்தைய மாதிரி. ஒரு வேறுபாடு முக்கியம். கூடங்குளத்துக்குப் பக்கத்தில் வற்றாத கடல் இருக்கிறது. எனெர்ஹோதாருக்கு இருந்தது மனிதன் தேக்கிவைத்த ஏரி. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய இந்த அணுமின் நிலையம் போருக்கு முன் உக்ரைனின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தந்துகொண்டிருந்தது.

நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. நகரத்தின் மோட்டார் சிச் ஆலை விமான எஞ்சின் செய்வது. உலகிலேயே பெரிய விமானமாக இருந்த ஆன்டனோவ்-225க்கும் எஞ்சின் இங்கிருந்துதான். இந்திய விமானப் படையின் ஏஎன்-32 சரக்கு விமானங்களில் சுழல்வது இவர்களுடைய ஏஐ-20 எஞ்சின்; 2016இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பி வங்காள விரிகுடாவில் விழுந்தது அந்த ரக விமானம் என்பதால் பெயர் நமக்குப் பரிச்சயம். சோவியத் காலம் தொட்டே ரஷ்ய ஹெலிகாப்டர்களுக்கும் எஞ்சின் இங்கிருந்தே போனது. 2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டபின் அந்தச் சந்தை அறுந்தது. சீன முதலீட்டாளர்கள் ஆலையை வாங்க வந்தார்கள், கீவ் அதைத் தடுத்தது. 2022 நவம்பரில் போர்க்காலச் சட்டப்படி அரசே எடுத்துக்கொண்டது.

இங்கே ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் நிறைய, அதனால் மாகாணம் ரஷ்யாவை விரும்பும் என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். 2001 கணக்கெடுப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகச் சொன்னது உண்மை. அதே மாகாணத்தில் 1991 டிசம்பர் வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் உக்ரைன் விடுதலைக்கு வாக்களித்ததும் உண்மை. வீட்டில் பேசும் மொழியை வைத்து எந்த நாட்டோடு இருக்க விரும்புகிறார்கள் என்று கணிப்பது இங்கே எடுபடாது.

சரி, இப்போது பிளவுக்கு வருவோம். ரஷ்யப் படை கிரிமியாவிலிருந்து கிளம்பிய சில நாட்களிலேயே மெலிதோபோலும் பெர்தியான்ஸ்க் துறைமுகமும் போயின. தொன்பாஸையும் கிரிமியாவையும் நிலவழியாக இணைக்க இந்தக் கடலோரம் அவர்களுக்குத் தேவை. 2023 கோடையில் உக்ரைன் எதிர்த்தாக்குதல் ஒரிஹிவிலிருந்து தோக்மாக் நோக்கிப் போனதும் அந்தப் பாதையை அறுக்கத்தான். ரோபோதீனே என்ற கிராமத்துக்கு அப்பால் அதிகம் நகர முடியவில்லை. போர்முனை அப்படி நின்ற இடத்தில், ஒன்றுக்காக ஒன்று கட்டப்பட்ட பாகங்கள் எதிரெதிர்ப் பக்கம் ஆகிவிட்டன. உருக்காலைகள் உக்ரைனிடம், இரும்புத்தாதுச் சுரங்கம் இருக்கும் தினிப்ரோருத்னே ரஷ்யாவிடம். மின்சாரம் தேவைப்படும் ஊர் ஒரு பக்கம், அணுமின் நிலையம் மறுபக்கம். 2024 மார்ச் 22 அன்று ஏவுகணைகள் தினிப்ரோஹெஸ்ஸையும் அடித்தன, உற்பத்தி நின்றது. அணை மட்டும் தாங்கியது.

கீழே இருந்த அணை தாங்கவில்லை. 2023 ஜூன் 6 அதிகாலை, ரஷ்யப் படையின் பிடியில் இருந்த காகோவ்கா அணை தகர்ந்தது. வெள்ளம் ஹெர்சோன் பக்கம் போனது. ஜபோரிஜியாவுக்கு வந்தது வெள்ளமல்ல, வறட்சி. சில வாரங்களில் கடல் என்று அழைத்த ஏரி வடிந்து பழைய ஆறு மட்டும் மிஞ்சியது. கால்வாய்களுக்கு வரத்து நின்றது. ஹோர்த்தித்சியா கரையில் நீர் இறங்கியதும் ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த பழைய படகு ஒன்று வெளியே தெரிந்தது.

அணு உலைகள் அதற்கு முன்பே, 2022 செப்டம்பரிலேயே மின்சாரம் தருவதை நிறுத்திவிட்டன. நிறுத்திய உலைக்குத் தண்ணீர் எதற்கு என்று தோன்றலாம். எரிபொருளின் கதிரியக்கச் சிதைவு தொடர்ந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். ஓடும் உலையின் வெப்பத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஆனால் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. ஏரி போனபின் நிலைய வளாகத்தில் 11 ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி நிலத்தடி நீரைக் குளிர்விப்புக் குளங்களுக்கு ஏற்றுகிறார்கள். பம்புகள் ஓட வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். 2025 செப்டம்பர் 23 முதல் ஏறத்தாழ ஒரு மாதம் அதுவும் இல்லாமல் டீசல் ஜெனரேட்டரிலேயே ஓட்டினார்கள். மின்சாரம் செய்து நாட்டுக்கே அனுப்பிய இடம் இப்போது வெளியிலிருந்து வரும் ஒன்றிரண்டு மின்பாதைகளை நம்பி நிற்கிறது. ஆற்றின் மேல் கட்டிய ஒரு பொருளாதாரம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வடிந்த ஏரியின் சேற்றுப் படுக்கை பாலைவனமாகும், புழுதிப்புயல் வரும் என்று பலர் பயந்தார்கள். நடந்தது வேறு. வில்லோவும் பாப்ளரும் முளைத்து, ஓராண்டுக்குள் ஆளுயரத்தைத் தாண்டிய இளங்காடு பெரும்பகுதியை மூடியது. வெலிக்கி லூஹ் திரும்பிவிட்டது, அதை விட்டுவிடுங்கள் என்கிறார்கள் சூழலியலாளர்கள் பலர். 2023 ஜூலையிலேயே அணையைத் திரும்பக் கட்டும் திட்டத்துக்கு உக்ரைன் அரசு ஒப்புதல் தந்தது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஆலைகளுக்கும் வேறு வழி என்ன என்று அவர்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான். இதற்கிடையே எழுபது ஆண்டு ஆலைக்கழிவின் கன உலோகங்கள் அந்த வண்டலில் படிந்து கிடக்கின்றன, மழை வெள்ளம் வந்தால் அவை நகரும். வடகரை உக்ரைனிடம், தென்கரை ரஷ்யாவிடம், நடுவில் கண்ணிவெடி. அதனால் அந்தக் காட்டின் பெரும்பகுதிக்குள் விஞ்ஞானிகள் இன்னும் கால் வைக்கவில்லை; செயற்கைக்கோள் படங்களை வைத்துத்தான் அதை அளந்துகொண்டிருக்கிறார்கள்.